அறுபது ரூபாய்க் காகிதம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலை, சிங்காரப்பேட்டையைத் தாண்டியதும் கணவாய்க்குள் நுழைந்து செங்கத்துக்கு இறங்குகிறது. 1767 செப்டம்பரில் ஐதர் அலியின் படை பின்னால் வர, கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித் தன் சிப்பாய்களை இந்த வழியாகத்தான் இறக்கிக்கொண்டு போனார். கால் நூற்றாண்டு கழித்து, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, இந்த வட்டாரம் அடங்கிய பாராமகால் பகுதி கம்பெனி வசமானது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் இந்த வட்டாரத்தை வயல் வயலாக அளந்து, யார் பெயரில் எவ்வளவு நிலம், அதற்கு என்ன தீர்வை என்று ஏட்டில் ஏற்றினார்கள். ரயத்துவாரி முறை தவழ்ந்து பழகிய மண் இது. ஏட்டில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு இங்கே இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது; இரண்டும் ஒத்துப்போகாத சங்கடத்துக்கும் அதே வயதுதான். இன்று பௌர்ணமிதோறும் பெங்களூரிலிருந்து கிரிவலத்துக்கு வரும் கார்கள் இந்தச் சாலையில் வரிசை கட்டுகின்றன. 'கேஏ' பலகை மாட்டியவை, ஓசூரின் 'டிஎன் 70', கிருஷ்ணகிரியின் 'டிஎன் 24' எல்லாம் அந்த வரிசையில் உண்டு. பெட்ரோல் வண்டியாக வாங்கப்பட்டு, பிறகு கேஸ் கிட் பொருத்தப்பட்டவையும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் எழுதியிருப்பதும் டிக்கியைத் திறந்தால் தெரிவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இன்சூரன்ஸ் பாலிசியில் மூன்றாவதாக வேறொன்று இருக்கும்; அல்லது எதுவுமே இருக்காது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளிதானது: ஜனங்களுக்கு அலட்சியம், கிட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள் காகிதத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். இந்த விளக்கம் பாதிக்கு மேல் தவறு என்பது என் கட்சி. நம் நாட்டில் வண்டியைக் கேஸுக்கு மாற்றும் வழக்கம் ஒரு முறை அல்ல, பல முறை வந்திருக்கிறது. சட்டம் முன்னே வந்து வழக்கம் பின்னே வந்த காலங்களில் காகிதம் தானாகக் கூடவே வந்தது. வழக்கம் முன்னே ஓடி, சட்டம் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோதெல்லாம் காகிதமில்லாத வண்டிகள் பெருகின. அந்தக் காலத்தில் பழகிய ஒளிவு மறைவு, சட்டம் வந்த பிறகும் போகவில்லை. பதிவில் ஏறாத கேஸ் காரை நான் அந்தத் தாமதத்தின் எச்சமாகவே பார்க்கிறேன்.

முதல் கேஸ் காலம் கரியின் காலம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் படைக்குப் போனதால் 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ் முதலாளிகளுக்கு இரண்டே வழி: வண்டியை நிறுத்துவது, அல்லது கரி கேஸுக்கு மாற்றுவது. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று சொந்தமாகவே ஒரு கருவியை வடிவமைத்துச் செய்தது. (நாற்பது ஆண்டு கழித்து அதே குடும்பத்தின் மொபெட் தொழிற்சாலை ஓசூரில் எழுந்தது என்பதை இந்த மாவட்டத்துக்காரர்கள் நினைத்துப் பார்க்கலாம்.) கருவியின் சூத்திரம் சிக்கலில்லாதது. ஆள் உயர உருளைக்குள் அடுப்புக்கரியைக் கொட்டி, போதிய காற்று கிடைக்காதபடி கனலவிட்டால் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அதைக் குளிரவைத்து வடிகட்டி எஞ்சினுக்குள் இழுத்தால் வண்டி ஓடும். ஆனால் பெட்ரோலில் இருந்த இழுவை இதில் இல்லை. மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடந்தார்கள், சில நேரம் தள்ளினார்கள். காலை முதல் டிரிப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, கைப்பிடியைச் சுற்றி நெருப்பை ஊதிவிடுவது கிளீனர் பையனின் வேலை. மூடிய கொட்டகைக்குள் அதைச் செய்தால் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இன்றைய கேஸ் காரைவிட இந்தக் கரி பஸ் எவ்வளவோ அபாயமான பொருள். ஆனால் அதை யாரும் திருட்டுத்தனமாக ஓட்டியதில்லை. அரசே மாறச் சொன்னது. வண்டியில் மாற்றம் செய்தால் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்தது. பஸ்ஸின் முதுகில் புகைந்துகொண்டிருக்கும் உருளையை எப்படி ஒளிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பிறகு வருகிறேன்.

அந்தக் கரி பஸ்களைப் பற்றி அதிகம் கவனிக்கப்படாத ஒரு செய்தி உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கட்டாய இன்சூரன்ஸ் என்ற ஒன்று வருவதற்கு முன்பே ஓடி முடித்தவை. இங்கிலாந்தில் 1930-ல் மூன்றாம் நபருக்கான காப்பீடு கட்டாயமானது. இங்கே 1936-37-ல் ஒரு குழு அமர்ந்து ஆராய்ந்தது. 1939 சட்டத்தின் எட்டாம் அத்தியாயமாக அது எழுதப்பட்டது. ஆனால் இன்சூரன்ஸ் தொழில் அதற்குத் தயாராகட்டும் என்று அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் தள்ளிவைத்தார்கள். அது உயிர்பெற்றது 1946 ஜூலை 1-ல். அதற்குள் போரே முடிந்துவிட்டது. கரி கேஸ் போய்ப் பெட்ரோலும் டீசலும் திரும்பின. ஆக, கேஸும் கட்டாய இன்சூரன்ஸும் நம் சாலைகளில் நின்று நிதானமாகச் சந்திக்கவே இல்லை. அடுத்த சந்திப்புக்கு அரை நூற்றாண்டு ஆனது. அதற்குள் கேஸின் உருவமும், அதைக் கொண்டுவந்த ஆளும் மாறியிருந்தார்கள்.

1984-ல் மாருதி தன் வேனை இறக்கியது; பிற்பாடு அதற்கு ஆம்னி என்று பெயர். தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கல்யாணக் கூட்டத்தையும் ஆஸ்பத்திரி நோயாளியையும் ஏற்றிய வண்டி அதுதான். பின் சீட்டுக்குப் பின்னால் காலி இடம் இருந்தது, 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் அந்த இடத்தில் அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. சமையல் கேஸுக்கு அரசு மானியம் இருந்ததால் பெட்ரோலுக்கும் அதற்கும் இடையில் பெரிய விலை இடைவெளி. அந்த இடைவெளிதான் வண்டியை மாற்றியது. சிலிண்டரை அப்படியே வைத்து ரெகுலேட்டரும் ரப்பர் ஹோசும் மாட்டியவர்கள் உண்டு. வண்டியில் தனி டேங்க் வைத்து, வீட்டு சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சிறு மோட்டாரால் அதில் ஏற்றியவர்களும் உண்டு. இரண்டும் ஆபத்தானவை, காரணங்கள் வேறு வேறு. வீட்டு சிலிண்டர் அடுப்படியில் நிமிர்ந்து நிற்பதற்காகச் செய்யப்பட்டது. மேடுபள்ளத்தில் குலுங்குவதற்கோ பின்னாலிருந்து லாரி மோதுவதைத் தாங்குவதற்கோ செய்யப்பட்டதல்ல. வண்டிக்கான டேங்கில் எண்பது சதவீதம் நிறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும் வால்வு இருக்கும், வெயிலில் திரவம் விரிய மீதி இடம் வேண்டும் என்பதற்காக. கவிழ்த்து ஊற்றும் கொட்டகையில் அந்தக் கணக்கைப் பார்ப்பவர் யார்?

இந்தக் காலம் முழுவதும் சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1988-ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் எழுதப்பட்டு 1989 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 52-வது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது. எல்பிஜி என்ற சொல் அதில் இல்லை. எல்பிஜியை வண்டிக்கு எரிபொருளாகப் பயன்படுத்தவே அனுமதி இல்லை. டெல்லியிலும் பம்பாயிலும் தொண்ணூறுகளில் சிஎன்ஜி தலைகாட்டியது. 1998 ஜூலை 28-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் டெல்லி பஸ்கள் எல்லாம் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்று 2001 மார்ச் 31 வரை கெடு வைத்தது. அப்போது தமிழ்நாட்டுக்கு அந்தக் கேஸைக் கொண்டுவரும் குழாயும் இல்லை, அந்தத் தீர்ப்பும் இல்லை. இங்கே கேஸ் என்றால் எல்பிஜி, எல்பிஜி என்றால் குற்றம். அந்த நிலையில் ஒருவர் நல்ல மனதோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் 'என் வண்டியை மாற்றியிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் அது விண்ணப்பம் ஆகாது, வாக்குமூலம் ஆகிவிடும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொன்னாலும் அதே கதை. ஒளிப்பது தவிர வேறு வழியே இல்லாத ஏற்பாட்டில், ஒளித்தவரை மட்டும் அலட்சியக்காரர் என்று சொல்லுவது வரலாற்றைப் பாதியில் படிப்பது.

கதவு திறந்தது 2000-ல். அந்த ஆண்டின் திருத்தச் சட்டம் 52-வது பிரிவைப் புதிதாக எழுதியது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று பொதுவாகத் தடுத்துவிட்டு, உடனே ஒரு விலக்கும் கொடுத்தது: வேறு எரிபொருளில் ஓட வசதியாகக் கிட் பொருத்தலாம், விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு. பேட்டரி, சிஎன்ஜி, சூரிய சக்தி, எல்பிஜி என்று பெயர் சொல்லியே பட்டியலிட்டது. 2001-ல் எல்பிஜி வண்டிக்கான புகை அளவுகள் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்தன. அதே ஆண்டு, வண்டியில் எல்பிஜி பயன்பாட்டை ஒழுங்குபடுத்தத் தனி ஆணையும் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்தது. 2002 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப் என்ற இன்சூரன்ஸ் கட்டணப் பட்டியல், கேஸ் கிட்டுக்கு 25-ஆம் எண் கொண்ட ஒரு என்டார்ஸ்மென்ட்டை வைத்தது. ஆக மூன்றே ஆண்டில் பதிவு, புகை, இன்சூரன்ஸ் மூன்றும் ஒழுங்காயின. அரசு நினைத்தால் எவ்வளவு வேகமாக முடியும் என்பதற்கு இது சான்று; ஆம்னியின் பின்னால் சிவப்பு சிலிண்டர் ஏறியதிலிருந்து கணக்குப் பார்த்தால் எவ்வளவு தாமதம் என்பதற்கும் இதுவே சான்று.

அந்த ஒழுங்கு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கிட் முதலில் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தில் தேற வேண்டும். அந்தச் சான்று மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு கிட் செய்பவர் புதுப்பிக்க வேண்டும். டேங்குக்கு நாக்பூரில் இருக்கும் வெடிபொருள் துறைத் தலைமைக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி வேண்டும். டேங்கின் உடம்பிலோ அதில் ஒட்டவைத்த தகட்டிலோ வரிசை எண், கொள்ளளவு, சோதனை அழுத்தம், சோதித்த மாதம், ஆண்டு எல்லாம் அடித்திருக்கும். சிஎன்ஜி சிலிண்டர் என்றால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, எல்பிஜி டேங்க் என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் மறுசோதனை உண்டு. சிஎன்ஜிக்கு இடைவெளி குறைவாக இருப்பதில் நியாயம் இருக்கிறது: அது ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது, எல்பிஜி அதில் இருபதில் ஒரு பங்குகூட வராது. பொருத்திய பட்டறை ரசீதும் சான்றும் தரும். அதை எடுத்துக்கொண்டு 14 நாளுக்குள், வண்டிக்காரர் குடியிருக்கும் எல்லைக்குரிய ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டையும் டிக்கியையும் திறந்து எண்ணைச் சரிபார்த்த பிறகு, ஆர்.சி.யில் 'பெட்ரோல்' என்று இருந்தது 'பெட்ரோல்/எல்பிஜி' ஆகும். ஒரு சாய்கோடும் ஒரு சொல்லும். இத்தனை அலைச்சலும் அதற்குத்தான்.

பிறகு பாலிசி. 2002 டாரிஃபின் கணக்கு இப்படி: கிட்டின் மதிப்பைத் தனியாக அறிவித்தால், சொந்தச் சேதப் பகுதியில் அந்த மதிப்பில் நான்கு சதவீதம் கூடுதல்; கிட்டின் விலை தெரியாவிட்டால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் ஐந்து சதவீதம் கூடுதல்; மூன்றாம் நபர் பொறுப்புக்கு ஆண்டுக்கு 60 ரூபாய். கிட்டை 40,000 ரூபாய் என்று காட்டினால் 1,600 ரூபாயும் அதன்மேல் ஒரு 60-ம். 2007 ஜனவரியில் சொந்தச் சேதப் பிரீமியத்தை அந்தந்தக் கம்பெனியே நிர்ணயிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் அந்த 60 பல பாலிசித் தாள்களில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. இந்த எண்ணை நான் வரலாற்றுச் சான்றாகவே படிக்கிறேன். நான்கு சதவீதம் கேஸின் ஆபத்துக்கான விலை கிடையாது. 40,000 ரூபாய்ப் பொருள் ஒன்று வண்டியில் கூடியதால் அந்தப் பொருளுக்கு உரிய விலை. முறையாகச் செய்த கேஸ் வண்டி சாலையில் மற்றவர்களுக்குக் கூடுதலாக எவ்வளவு ஆபத்து என்ற கேள்விக்கு, நஷ்டக் கணக்கையே தொழிலாகக் கொண்டவர்கள் எழுதிய பதில் ஆண்டுக்கு அறுபது ரூபாய். கேஸ் வண்டி என்றாலே நகரும் வெடிகுண்டு என்று பேசுபவர்கள் இந்த எண்ணோடு வாதாட வேண்டியிருக்கும். வண்டி எரிந்த செய்திகள் பொய்யா என்று அவர்கள் கேட்பார்கள். பொய்யில்லை. ஆனால் கவிழ்த்து ஊற்றிய டேங்கும் அடுப்படி ஹோசும் அந்த 60 ரூபாய்க் கணக்கில் சேரவே சேராதவை. டாரிஃப் விலை வைத்தது எண் அடித்த டேங்குக்கு.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் கொடுக்காமல் இருக்க இதை ஒரு சாக்காக வைத்திருக்கின்றன என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. காரின் முன்பக்கம் நசுங்கியதற்கும் பின்னால் இருக்கும் டேங்குக்கும் சம்பந்தமே இல்லாதபோதும், ஆர்.சி.யில் ஏறாத கிட்டைக் காட்டி க்ளெய்மைத் தள்ளலாமா என்பது சரியான கேள்வி. உச்ச நீதிமன்றம் இதே வகை வழக்கில் பேசியிருக்கிறது, கேஸை வைத்து அல்ல, சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு விட்டதை வைத்து. 2008-ல் நிதின் கண்டேல்வால் வழக்கிலும் 2010-ல் அமலேந்து சாகு வழக்கிலும், பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்பதற்காக மொத்தத்தையும் மறுக்க வேண்டியதில்லை, 'நான்-ஸ்டாண்டர்டு' முறையில் குறைத்துக் கொடுக்கலாம் என்பது நீதிமன்றத்தின் பார்வை. முதல் வழக்கில் அது 75 சதவீதம். அதே தர்க்கத்தைக் கேஸ் கிட்டுக்கு நீட்டலாம் என்பது வண்டிக்காரருக்கு நம்பிக்கை தரும் வாதம்தான். ஆனால் நூற்றுக்கு இருபத்தைந்தும் நுகர்வோர் ஆணையத்தில் சில ஆண்டுகளும் போன பிறகு கிடைக்கும் நம்பிக்கை அது. கிட்டின் மதிப்போ பாலிசியிலேயே இல்லாததால் அது எந்த வாதத்தாலும் திரும்பி வராது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது: அடிபட்ட மூன்றாம் நபருக்கு எப்படியும் கம்பெனி கொடுத்தாக வேண்டும், பிறகு இந்தக் காகிதம் யாரைக் காப்பாற்றுகிறது? மூன்றாம் நபரிடம் கம்பெனி சொல்லக்கூடிய தற்காப்புகளைச் சட்டமே எண்ணி வைத்திருக்கிறது. முன்பு 149-வது பிரிவு, 2022 ஏப்ரல் முதல் 150. பெர்மிட், பந்தய ஓட்டம், லைசென்ஸ் என்று போகும் அந்தப் பட்டியலில் எரிபொருள் மாற்றம் இல்லை. 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தற்காப்புகளையும் இறுக்கிப் படித்து, தேவையானால் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்ற வழியை உறுதி செய்தது. ஆகவே வாதம் பெரும்பாலும் சரி. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு முள் இருக்கிறது: முக்கியமான செய்தியை மறைத்து வாங்கிய பாலிசி செல்லாது என்று கம்பெனி சொல்லலாம். பாலிசிக்கு நடுவில் கிட் போட்டவருக்கு அந்த முள் தைக்காது. கிட் போட்ட பிறகு, எரிபொருள் பெட்ரோல் என்று எழுதி ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு வருபவருக்குத் தைக்கலாம். நிரூபிக்கும் சுமை கம்பெனியின் தலையில்தான் என்றாலும், வீட்டையும் நிலத்தையும் வைத்து அந்த வழக்கை நடத்த எத்தனை பேர் துணிவார்கள்?

கரி பஸ்ஸைப் பற்றிய கேள்விக்கு இப்போது வரலாம். உருளையை ஒளிக்க முடியாததால்தான் பதிவு ஒழுங்காக இருந்தது, சட்டம் முந்தி வந்ததால் அல்ல என்று ஒருவர் சொல்லலாம். இதற்குப் பதில் கர்நாடக எல்லையான அட்டிபெலேக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பெங்களூரு ஆட்டோக்கள் இரண்டாயிரங்களில் எல்பிஜிக்கு மாறின. ஆட்டோவின் டேங்க் வெளியே தெரியாத பொருள், காரினுடையதைப் போலவே. ஆனால் அங்கே அரசே மாற்றத்தை விரும்பித் தள்ளியது. கேஸ் ஆட்டோவுக்குப் பச்சை நிறம் என்று அடையாளமும் வந்தது. ஒளிக்கக்கூடிய பொருளை வெளியே தெரியும் பொருளாக ஆக்கியது சட்டத்தின் முந்தல்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் அதே ஆண்டுகளில் தனியார் கார்க்காரருக்கு அப்படி எந்தத் தள்ளலும் இல்லை. பெங்களூரில் வேலை, ஓசூரில் வீடு என்று வாழ்பவர் கிட்டை அங்கேயே பொருத்திக்கொள்வது இயல்பு. காகிதமோ அவர் குடியிருக்கும் எல்லையைத் தேடி ஓசூருக்கு வர வேண்டும். கர்நாடகப் பதிவு கொண்ட வண்டி என்றால் சிக்கல் இரட்டிப்பு: வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும், அதற்கு என்.ஓ.சி., அதன்மேல் இங்கே வரி. ஆர்.சி.யில் ஏறாத கிட் உள்ள வண்டியோடு அந்த வரிசையில் நிற்பவர், ஒரு குறையைத் தீர்க்கப் போய் இரண்டாவதைக் காட்டிக்கொடுத்தவர் ஆகிறார். அதனால் வரிசையில் நிற்பதையே தள்ளிப்போடுகிறார். இந்த மாவட்டத்துக்கு இயற்கை எரிவாயுக் குழாய் வந்த கதையோ இதற்கு நேர் தலைகீழ். கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் கெயில் குழாய்க்குக் காகிதம் முதலிலேயே தயாராக இருந்தது. கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாயிகளின் சம்மதம்தான் இல்லை. 2013-ல் மாநில அரசு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. உயர் நீதிமன்றமும் பிறகு 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் குழாயின் பக்கம் நின்றன. காகிதம் முந்தினால் எல்லாம் சுகம் என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

சட்டத்தின் தாமதம் பழைய கதை, இப்போது எல்லாம் சீராகிவிட்டது என்பதும் சரியில்லை. 2019 ஜனவரியில் கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வண்டியில் இனி கையே வைக்கக் கூடாது என்று ஊரெல்லாம் பேச்சு. 2000-ல் வந்த கிட் விலக்கு அப்படியே நின்றதை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்ற புதுப் பிரிவு வந்தது. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 புகை விதி தொடங்கியது. பழைய விதிகள் பிஎஸ்-4 வண்டிகளோடு நின்றதால், புது பெட்ரோல் காருக்கு வெளியில் கிட் போட்டுப் பதிவு செய்ய வழியில்லாமல் போனது. அதற்கான புது விதியின் வரைவு வந்தது 2022 ஜனவரியில், இறுதி அறிவிக்கை ஆகஸ்டில். நடுவில் இரண்டேகால் ஆண்டுக்கு மேல், பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிய காலம். அந்தக் காலத்தில் பிஎஸ்-6 காருக்குக் கிட் போட்டவர்கள் 1990-ன் ஆம்னிக்காரர் நின்ற அதே இடத்தில் நின்றார்கள்: பொருள் கிடைக்கிறது, பொருத்த ஆள் இருக்கிறார், எழுதிக்கொள்ள மட்டும் ஆளில்லை. பிறகு வழி திறந்தாலும், அன்று போட்ட கிட்டுக்குப் புது விதியின்படி சான்று இல்லை. அதைக் கழற்றிவிட்டு வேறு போட வேண்டும், அல்லது பழையபடி பேசாமல் ஓட்ட வேண்டும். இரண்டாவதுதான் மலிவு.

பணம் மிச்சம் பிடிப்பதே எல்லாவற்றுக்கும் காரணம் என்று இன்னும் சொல்பவர்களுக்கு ஓர் எளிய கணக்கு. பெட்ரோலைவிடக் கேஸில் ஒரு மாத ஓட்டத்தில் கிடைக்கும் மிச்சம் அந்த 60 ரூபாயைப் பல மடங்கு தாண்டும். நான்கு சதவீதத்தையும் சேர்த்தாலும் ஓராண்டு மிச்சத்தின் முன் அது தூசு. விலையைப் பார்த்துப் பின்வாங்கியவர்கள் என்றால் கிட்டிலேயே பின்வாங்கியிருப்பார்கள். அவர்கள் பின்வாங்குவது, ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அடுத்த மூன்று கேள்விகள் வருமே என்ற பயத்தில். அந்தப் பயத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது, பதில் சொல்லவே முடியாமல் இருந்த பதினைந்து ஆண்டுகள்.

சிங்காரப்பேட்டையிலிருந்து வெகு தூரமில்லை போச்சம்பள்ளி. அங்கே ஓலா நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர் ஆலை இருக்கிறது, ஓசூரில் ஏத்தர். புது வண்டி வாங்க முடியாதவர்கள் பழைய பெட்ரோல் ஸ்கூட்டரின் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பேட்டரியும் மோட்டாரும் பொருத்துவதில் ஆசைப்படுவது இயற்கை. 52-வது பிரிவின் விலக்குப் பட்டியலில் பேட்டரி என்ற சொல் 2000-லிருந்தே இருக்கிறது, எல்பிஜிக்கு முன்னாலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பொருத்தியவருக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேற இருப்பது அதே 14 நாள்.